செவ்வாய்க்கிழமைக் கிணறுகள்

கோடைக்கால ஆய்வுத் திட்டத்தின் கையேட்டில், அவளுடைய மங்கலான புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது: "நிலத்தடி நீரின் கணினி மாதிரியாக்கத்தில் தேர்ந்தவர். மக்களிடம் எளிதில் கலந்து பழகி நீர் விழிப்புணர்வை வளர்க்கும் ஆற்றல் மிக்கவர். களப்பணியில் அச்சமற்றவர்."

இதில் முற்றுப்புள்ளிகள் மட்டும்தான் சரி.

மாதிரியாக்கத்தில் அவள் தேர்ந்தவள் இல்லை, தேறியவள், அதுவும் கரையோரமாக. மக்களிடம் கலந்து பழகுவது என்றால், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மணி கேட்டால் கைக்கடிகாரத்தை அவர் பக்கம் நீட்டிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிக்கொள்கிற ரகம். அச்சமின்மையைப் பொறுத்தவரை, அவளுக்குக் கிணறு என்றால் பயம். பல் வைத்தியருக்கு வாயைக் கண்டால் பயம் என்பது போலத்தான் இதுவும். ஆனால் அப்படிப்பட்ட பல் வைத்தியர்களும் எங்கேயாவது தொழில் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

பயத்துக்குக் காரணகர்த்தா அவளுடைய சித்தப்பா. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தம் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றில் மீன் காட்டுகிறேன் என்று இடுப்பைப் பிடித்துத் தூக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் சாய்த்துவிட்டார். கீழே இருட்டு, இருட்டுக்குள் வட்டமாக ஒரு துண்டு வானம், அதற்குள் ஒரு சின்னத் தலை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். அன்றைக்கு அண்ணன் வைத்த "தவளை" என்ற பெயர் இன்றுவரை வீட்டில் நிலைத்திருக்கிறது. கிணற்றுப் பக்கமே போகாத தவளை.

அவள் விண்ணப்பித்தது மேகங்களைப் பற்றிய ஆய்வுக்கு. திட்ட அலுவலகத்து எழுத்தர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "மேகம் நிரம்பிடுச்சும்மா, நிலத்தடியிலதான் இடம் இருக்கு" என்றார். விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அண்ணன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் நிலத்தடியில் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது நகரத்தின் பழைய பகுதியில் ஒரு நீளமான தெரு. வீட்டுக்கு வீடு பின்கட்டில் ஓர் உறைக்கிணறு, சிமெண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, பக்கத்தில் ஒரு மோட்டார். அந்தத் தெருவின் கடைசிக்கு முந்தைய வீடு சித்தியுடையது. மீன் காட்டிய கிணறும் அங்கேயேதான் இருந்தது. விதி சில சமயம் முகவரி பார்த்துத்தான் வருகிறது.

வேலை இரண்டு. வாரம் ஒரு முறை கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து கணினியில் ஏற்றி, தெருவின் நிலத்தடி நீர் இனிமேல் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: எந்த வீட்டுக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது, முன்கூட்டியே அறிவிப்பு ஒட்ட வேண்டும். நல்ல நிபந்தனை. யாரும் குறை சொல்ல முடியாத நிபந்தனை. தெருமுனை மின்கம்பத்தில் அவளே ஒட்டினாள்: "செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் கிணற்று நீர்மட்டம் அளக்கப்படும்."

அளக்க அவளிடம் ஒரு நாடா இருந்தது. உருளையில் சுற்றிய நீளமான அளவு நாடா, நுனியில் விரல் பருமனுக்கு ஒரு குண்டு. குண்டு தண்ணீரைத் தொட்டதும் உருளை "கீ" என்று கத்தும். அந்த இடத்தில் நாடாவில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் ஆழம். இதைக் கண்டுபிடித்தவரும் கிணற்றுக்குப் பயந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஏனென்றால் இதை வைத்து அளக்கிறவர் கிணற்றுக்குள் பார்க்கவே வேண்டியதில்லை. அவள் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, முகத்தைத் துணி காயும் கொடிப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி நாடாவை இறக்குவாள். கத்தியதும் எண்ணைக் குறித்துக்கொண்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவாள்.

"அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டே அளக்குது. படிச்ச படிப்பு அப்படி" என்று தெருவில் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

கணினியில்தான் சிக்கல். மாதிரி என்பது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தெருவைக் கட்டம் போட்ட தாள்போலப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மழை எவ்வளவு இறங்குகிறது, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, மோட்டார்கள் எவ்வளவு எடுக்கின்றன என்று கொடுத்துவிட்டால், கிணறுகளில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். அது சொல்வதும் நாடா சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கொடுத்த எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். திருத்தித் திருத்தி ஒத்துப்போன பிறகு, அதே மாதிரியை வரும் வருஷங்களுக்கு ஓடவிட்டுப் பார்க்கலாம்.

அவளுடையது ஒத்துப்போக மறுத்தது. கணினி ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் மேலே இருக்கிறது என்றது. நாடா கீழே என்றது. கணினிக்கும் கிணற்றுக்கும் சண்டை வந்தால் கிணறு விட்டுக்கொடுக்காது. ஆகவே அவள் மண்ணின் வேகத்தை மாற்றிப் பார்த்தாள், மோட்டார்களின் குதிரைத்திறனைக் கூட்டிப் பார்த்தாள், கடைசியில் மழையில் கை வைத்தாள். பூமிக்குள் இறங்கும் மழையைக் குறைக்கக் குறைக்கக் கணினி வழிக்கு வந்தது. முழுசாக வழிக்கு வந்தபோது அந்தத் தெரு பாலைவனமாகியிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பாட்டம் கோடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று நெருடியது. ஆனால் திரையில் கோடுகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அவ்வளவு அழகாகப் படிந்திருந்தன.

எதிர்காலத்துக்கு ஓடவிட்டபோது படம் முழுக்கச் சிவப்பு. நாலு வருஷத்தில் தெருவின் பாதிக் கிணறுகள் வற்றிவிடும்.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் "மதகு". மூடியிருந்தால் சொட்டு வராது, திறந்தால் நிற்காது. அன்று திறந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கோடைக்கால மாணவி இவ்வளவு தெளிவான முடிவோடு வந்ததில்லை என்றார். கருத்தரங்கு என்றார், கட்டுரை என்றார், பெரிய திரையில் அந்தச் சிவப்பு எப்படித் தெரியும் என்றுகூடச் சொன்னார். அவளை யாரும் அதுவரை ஒரே மூச்சில் இவ்வளவு புகழ்ந்ததில்லை. வெட்கத்தோடு சொல்ல வேண்டிய விஷயம், அந்தத் தெரு வற்றப்போவதில் அவளுக்கு அன்று சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

மறுவாரம் அந்தச் சந்தோஷம் வடிந்தது. குடிநீர் வாரியத்துப் பொறியாளர் படத்தைப் பார்த்தார். அறிக்கை கைக்கு வந்ததும் அந்தத் தெருவின் மோட்டார்களுக்கெல்லாம் பூட்டுப் போட உத்தரவு தயார் என்றார். குழாய்த் தண்ணீர் அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும், அதுவும் நூல்போல. சேதி அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது.

சித்தி வீட்டு மாடியில் இரண்டு குடித்தனங்கள். அந்த வாடகையில்தான் சித்தப்பாவின் மருந்தும் வீட்டின் அரிசியும். ஒரு குடித்தனக்காரர் அதற்குள் வேறு வீடு தேட ஆரம்பித்துவிட்டார்.

"வேற யாராவது சொல்லியிருந்தா வீடேறிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன்" என்றாள் சித்தி, செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே. "எங்க அக்கா பொண்ணே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா. யாரைப் போய் நோகுறது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

"போதும் சித்தி."

"தண்ணி கூட இன்னும் நாலு வருஷம் இருக்குன்ற. சோறு மட்டும் அதுக்குள்ள போதுமாயிடுச்சா?"

சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே, "சும்மா இருடி. அது என்ன செய்யும். இருக்கிறதத்தானே சொல்லுது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஏனென்றால் பக்கத்து வீட்டில் சித்தி, "எங்க பொண்ணுதாங்க கண்டுபிடிச்சா, கம்ப்யூட்டர்லயே காட்டினாளாம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததையும் அவள் கேட்டிருந்தாள்.

அறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். காலையில் வழக்கம்போலத் தெரு முழுக்க அளந்தாள். சித்தி வீட்டை மட்டும் சாப்பாட்டு வேளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அது கடைசி வகுப்பு.

பாடத்துக்கு அவள் ஒரு மீன்தொட்டியை வாங்கி மணலால் நிரப்பி, பாதி மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்களைக் கிணறுகள்போல நட்டிருந்தாள். ஊசியில்லாத மருந்துக்குழல்தான் மோட்டார். ஒரு குச்சியை விட்டு நனைந்த இடத்தைப் பார்த்து மட்டத்தை அளக்க வேண்டும். பிள்ளைகளிடம் அவளுக்குப் பேச்சு வந்தது. அவர்கள் மணி கேட்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

"இப்போ நீங்கதான் ஆய்வாளர். அளந்து சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

முன்வரிசைச் சிறுமி எழுந்து வந்தாள். முதலில் மருந்துக்குழலை எடுத்துக் குழாயில் விட்டு, சளக் சளக்கென்று நன்றாக உறிஞ்சித் தண்ணீரைப் பக்கத்து வாளியில் கொட்டினாள். அப்புறம் குச்சியை எடுத்தாள்.

"இரும்மா. மட்டத்தை அளக்கத்தானே சொன்னேன். தண்ணியை ஏன் எடுத்தே?"

சிறுமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க அளக்க வர்றதுக்கு முன்னாடி மோட்டார் போடணுமில்லக்கா?"

"யார் சொன்னா?"

"எங்க வீட்ல அப்படித்தான் போடுவாங்க. செவ்வாக்கிழமை அளவு அக்கா வர்றாங்க, சீக்கிரம் மோட்டாரப் போடுன்னு."

"எங்க வீட்லயும்" என்றது பின்வரிசை. "பூட்டுப் போடத்தான் அளக்குறாங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் ரொப்புன்னு எங்கப்பா மொத வாரத்துலேர்ந்தே அண்டாகூட ரொப்புவாரு."

"எங்கம்மா கிணத்தடிய கழுவி விடுவாங்க. வெளியாள் வந்து பாக்குறப்ப அசிங்கமா இருக்கக் கூடாதாம்."

"எங்க வீட்ல பழந்தண்ணிய எறைச்சிட்டு உங்களுக்குப் புதுத்தண்ணி காட்டுவாங்கக்கா."

வகுப்பே கை தூக்கியது. பயந்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள், சுத்தக்காரர்கள் என்று ஆளுக்கொரு காரணம்; எல்லார் வீட்டிலும் ஒரே மோட்டார்ச் சத்தம். தெருவில் வாரத்திலேயே அதிகமாகத் தண்ணீர் இறைக்கப்பட்டது, தண்ணீரைச் சிக்கனப்படுத்தச் சொல்ல அவள் வரும் நாளில்தான். மோட்டார் ஓடி முடிந்த கையோடு, தண்ணீர் இறங்கிக் கிடக்கும் நேரமாகப் பார்த்து அவள் நாடாவை விட்டிருக்கிறாள். வாரா வாரம், வீடு தவறாமல்.

அவள் மீன்தொட்டியைப் பார்த்தாள். சிறுமி உறிஞ்சிய குழாய்க்குள் தண்ணீர் கீழே போயிருந்தது. ஆனால் அது முன்பு நின்ற உயரம்வரை குழாயின் உள்பக்கம் ஈரம் பளபளத்தது. யார் பார்த்தாலும் தெரியும். பார்த்தால்.

சித்தி வீட்டை அவள் அடைந்தபோது சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வா, இப்பத்தான் மோட்டாரை நிறுத்தினேன்."

"தினமும் இந்த நேரத்துக்கா போடுவீங்க?"

"தினமும் எதுக்கு? சாயங்காலம் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். இன்னைக்கு நீ வர்றியே. வீடு கழுவ வேணாமா? மாடிக்குத் தண்ணி ஏத்தி வைக்க வேணாமா? நீ வந்து நாடாவை விடுறப்போ நான் மோட்டாரைப் போட்டா மரியாதையா இருக்குமா?"

அவள் பையைக் கீழே போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நாடா இன்று உதவாது. தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். மோட்டார் போடுவதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று தெரியாது. அது தெரிய ஒரே வழிதான் உண்டு. அந்த வழிக்கு அவள் சுவரில் கை ஊன்றியாக வேண்டும்.

"சித்தப்பா, டார்ச் லைட் இருக்கா?"

"எதுக்கு?"

"கிணத்துக்குள்ள பாக்கணும்."

சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். டார்ச்சை எடுத்து வந்தவர், "பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

"நீங்க மட்டும் பிடிக்காதீங்க. சித்தி, நீங்க பிடிங்க."

சித்தி அவள் சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கிணற்றை மூடியிருந்த வலையை நகர்த்தி, மூச்சை அடக்கி, தலையை நீட்டினாள். இருட்டு இருந்தது. இருட்டுக்குள் அந்தத் துண்டு வானமும் அதற்குள் ஒரு தலையும் அப்படியே இருந்தன. தலை கொஞ்சம் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். டார்ச்சை அடித்தாள்.

வளையங்கள் மேலே வெளிறிக் கிடந்தன. பாதிக்குக் கீழே, கத்தியால் கோடு கிழித்ததுபோல ஓரிடத்தில் வெளிறல் முடிந்து, கருகருவென்று ஈரம் தொடங்கியது. அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர்வரை ஓர் ஆள் உயரத்துக்கு நனைந்த சிமெண்டு. சுவரிலிருந்து நீர் இன்னும் இழைஇழையாக வழிந்துகொண்டிருந்தது.

"என்னடி, என்ன தெரியுது?" என்றாள் சித்தி பின்னாலிருந்து.

"ஈரம்" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள் போய் உருண்டு திரும்பி வந்தது. "சித்தி, ஈரம் தெரியுது."

"கிணத்துல ஈரம் தெரியாம வேற என்ன தெரியும்" என்ற சித்தி பிடியை இன்னும் இறுக்கினாள்.

சாயங்காலம்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மோட்டார்ப் பொத்தானை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அவ்வப்போது நாடாவை விட்டாள். ஒவ்வொரு தடவையும் "கீ" முன்பைவிட மேலே கத்தியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. மடியில் இருந்த கணினியில், தான் பிடுங்கிக்கொண்ட மழையைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஒரு கட்டத்தில், எதையும் நெருக்காமல், கணினியும் கிணறும் ஒரே எண்ணைச் சொன்னன.

மதகைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். "அந்தச் சிவப்பு?" என்றார் அவர். "அந்தச் சிவப்பு நான்தான் சார்" என்றாள். மதகு மூடிக்கொண்டது. வெகுநேரம் கழித்து, "போய் அள" என்று ஒரு சொட்டு வந்தது.

மின்கம்பத்து அறிவிப்பைக் கிழித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது என்பதை மீறாமல், வீடு வீடாகப் போய், "இந்த வாரம் என்னைக்காவது ஒருநாள் வருவேன், எப்போன்னு சொல்ல மாட்டேன், சரியா?" என்று அனுமதி கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லி, தெருவின் பாதியைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் பேச்சே வந்துவிட்டது. அண்டா அப்பாவிடம், பூட்டுப் போட வரவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. தலையில் நுரையோடு ஒருவர், பாதி சவரத்தில் ஒருவர் என்று அந்த வாரம் தெருவை அவள் இருந்தபடியே பார்த்தாள். கிணறுகளையும் இருந்தபடியே பார்த்தாள், ஒவ்வொன்றாக, சுவரில் கை ஊன்றி. பயம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. கடைசிக் கிணற்றிலும் சட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்டாள்.

புதிய முடிவில் கருத்தரங்குக்கு ஆகிற மாதிரி ஒன்றும் இல்லை. கோடையில் மட்டம் இறங்கும், மழைக்கு ஏறும். தெருவின் மேட்டுப் பக்கம் இரண்டு கிணறுகள் மட்டும் உண்மையிலேயே கீழே இருந்தன. அந்த இரண்டு வீட்டாரும் கொஞ்சம் சிக்கனமாக இருப்பது நல்லது. படம் பெரும்பாலும் வெளிர்நீலம், ஒரு மூலையில் மட்டும் மஞ்சள்.

வாரியத்துப் பொறியாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டெல்லாம் வாங்கியாச்சே" என்றார். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. அந்தத் தெருவுக்குப் போய்ப் பூட்டுப் போடுறதுக்கு யார் போறதுன்னு ஆபீஸ்ல ஒரு வாரமாச் சண்டை."

மதகு அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். "இவ்வளவு சாதாரணமான முடிவு" என்றார். அவள் காத்திருந்தாள். "இதுக்கு நான் தைரியமாக் கையெழுத்துப் போடலாம்" என்று போட்டார்.

சித்தி வீட்டுக் குடித்தனக்காரர் கட்டிய பெட்டிகளை அவிழ்த்தார். போகிற அவசரத்தில் எதை எதில் கட்டினோம் என்று தெரியாமல் இரண்டு நாள் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சித்தி பக்கத்து வீட்டில், "எங்க பொண்ணுதாங்க கண்டுபிடிச்சா, தண்ணி இருக்காம்" என்று, முன்பிருந்த அதே பெருமையோடு சொன்னாள்.

விடுதியைக் காலி செய்த அன்று அவள் விடைபெற வந்தபோது, சித்தப்பா வாசல்வரை கூடவே வந்தார்.

"அன்னைக்கு டார்ச் அடிச்சியே, உள்ள மீன் இருந்துச்சா?"

"இல்ல சித்தப்பா. ஒண்ணுகூட இல்ல."

"அப்பவே இல்ல" என்றார் சித்தப்பா. "உன்னை எட்டிப் பாக்க வைக்கத்தான் சொன்னேன்."

கோடைத் திட்டம் முடிந்து சான்றிதழ் வந்தது. கெட்டியான தாள், தங்க நிற ஓரம். "நிலத்தடி நீர் மாதிரியின் அளவுத்திருத்தத்தில் புதியதொரு களநெறியை வகுத்து, சமூகப் பங்கேற்புடன் செயல்படுத்தினார்" என்று அதில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான்: அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.